மறியலில் உட்கார்ந்த மருமகள்

ஜெஸ்ஸியை வெளிநாட்டுக்காரி என்று சொன்னால் புதுக்குளத்துப்பட்டியில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாததோடு விடாமல், சொன்னவரை ஏற இறங்கப் பார்த்து, "வெயில்ல ரொம்ப அலைஞ்சியோ?" என்றும் கேட்பார்கள். டி.வி.எஸ் எக்ஸெல் வண்டியில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை சம்பங்கியைக் கட்டிக்கொண்டு, செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் பறக்கிறவள் அவள். அடிமாட்டு விலைக்குக் கேட்கிற வியாபாரியிடம், "ஏய்யா, பூவைக் கேக்குறியா, புண்ணாக்கைக் கேக்குறியா?" என்று சத்தம் போட்டு விலையை ஏற்றிவிட்டுத்தான் திரும்புவாள். இவளா வெளிநாடு?

ஆனால் அவளுடைய பாஸ்போர்ட் அப்படித்தான் சொன்னது. ஜெஸ்ஸி பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போ நகரத்தில். வெல்டிங் வேலைக்கு அங்கே போன ஸ்டான்லி, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போன இடத்தில் அவளைப் பார்த்தார். பூசையில் எங்கே கவனம் இருந்திருக்கும்? கல்யாணம் முடித்துக் கையோடு ஊருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த புதிதில் ஜெஸ்ஸி காலையில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் "பசியாறியாச்சா?" என்று கேட்பாள். அது மலேசியப் பேச்சு. தெரு முதலில் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு வருசம் கழித்துப் பார்த்தால் தெருவே ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் இருந்தும் ஒரு குறை. விசா முடியப்போகிறது என்றால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். சென்னைக்கு ஓட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், 'எதுக்காக இங்க இருக்கீங்க?' என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எதுக்காகவா? சம்பங்கிக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், மாமியாருக்கு முட்டியில் தைலம் தேய்க்க வேண்டும், புருசனைத் திட்ட வேண்டும். இதையெல்லாம் ஆபீசில் சொல்ல முடியுமா? அதைவிடத் தேர்தல் நாள்தான் அவளுக்குப் பெரிய வேதனை. தெரு முழுக்கத் தலை சீவிப் பூ வைத்து ஓட்டுப் போடக் கிளம்பும். எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் இவளிடம் விட்டுவிட்டுப் போகும். திரும்பி வந்து விரலைக் காட்டிக் கதை பேசும். ஜெஸ்ஸி சிரித்துக்கொண்டே பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, உள்ளே போய்ப் பாத்திரத்தை டங் டங்கென்று கழுவுவாள்.

அதனால், இந்தியரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருசம் இங்கேயே இருந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று திண்டுக்கல் வக்கீல் மதியழகன் சொன்னதும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்குப் பூவைக்கூட முதல் விலைக்கே கொடுத்துவிட்டு, ஸ்டான்லியைக் கூப்பிட்டுக்கொண்டு நேரே வக்கீல் வீட்டு மாடிக்கு ஏறிவிட்டாள்.

மதியழகன் நிதானமான மனிதர். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் படித்துப் பதிலைத் தட்டிக்கொண்டே வந்தார். அப்பா பெயர், பிறந்த ஊர், கல்யாணத் தேதி எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின.

"உங்க மேல குற்ற வழக்கு ஏதாவது உண்டா? தண்டனை, அபராதம், அந்த மாதிரி? இல்லைன்னு போட்டுருவோம்ல?"

"இருக்கு சார்," என்றாள் ஜெஸ்ஸி. சொன்ன குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஸ்டான்லி அவள் காலை மிதித்தார். அவள் காலை இழுத்துக்கொண்டு, "மறியல் கேசு சார்," என்றாள்.

மறியல் இந்தப் பக்கத்தில் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. சில வருசங்களுக்கு முன்னால் ஒரு கோடையில் புதுக்குளத்துப்பட்டியின் ஆழ்குழாய் மோட்டார் எரிந்துபோனது. குழாயில் காற்றுதான் வந்தது. ஊர் கூடிப் பேசி, காலிக் குடத்தோடு செம்பட்டி ரோட்டில் உட்காருவது என்று முடிவானது. ஊர் முடிவு என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும். கல்யாண வேலைக்கும் அப்படித்தான், இழவுக்கும் அப்படித்தான், மறியலுக்கும் அப்படித்தான். வராத வீட்டை ஊர் மறக்காது. ஸ்டான்லி அன்றைக்கு வெளியூர் வேலையில் இருந்தார். மாமியார் மாயம்மாளுக்கு முட்டிவலி, தரையில் உட்கார்ந்தால் எழுப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆகவே அந்த வீட்டின் ஆளாக ஜெஸ்ஸி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

போனவள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவள் குணத்துக்கு அது ஆகுமா? முதல் வரிசையில், நடு ரோட்டில், குடத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டிக்கொண்டு கோசம் போட்டாள். பஸ்கள் வரிசைகட்டி நின்றன. போலீஸ் வந்து சொல்லிப் பார்த்தது, கெஞ்சிப் பார்த்தது, கடைசியில் எல்லாரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தது. மத்தியானம் தக்காளிச் சோறு. சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ரெண்டொரு நாளில் புது மோட்டாரும் வந்தது. ஊரைப் பொறுத்தவரை கதை அத்தோடு சுபம்.

சட்டத்தைப் பொறுத்தவரை இல்லை. நாற்பது பேர் உட்கார்ந்த இடத்தில், முன்னால் இருந்த சிலருடைய பெயரை மட்டும் போட்டு வழக்குப் பதிவாகியிருந்தது. அதில் ஜெஸ்ஸி பெயர் முதலில். கோர்ட்டுக்குப் போனார்கள், ஒப்புக்கொண்டார்கள், அபராதம் கட்டினார்கள், திரும்பும் வழியில் செம்பட்டியில் ஆளுக்கொரு பஜ்ஜி தின்றார்கள். இவள் மலேசியாக்காரி என்று போலீசுக்கும் தெரியாது, கோர்ட்டுக்கும் தெரியாது. மறைத்தாள் என்று சொல்ல முடியாது. அவள் பேசியதைக் கேட்ட யாருக்கும் அப்படியொரு கேள்வி தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்டு முடித்த மதியழகன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு மறியலா?"

"வீட்டுக்கு ஒரு ஆளுன்னு சொன்னாங்க சார்."

"சார், அதைப் போடாம விட்டுருவோமே," என்றார் ஸ்டான்லி. "பழைய கதை. யாரு தோண்டப் போறா?"

"தோண்டுறதுதான் அவங்க வேலையே. போலீஸ் விசாரணை இல்லாம இது நகராது," என்றார் வக்கீல். "இங்க பாருங்க. சின்ன கேசு, அபராதம் கட்டி முடிஞ்சது. அதை வச்சு மட்டும் தள்ளிருவாங்கன்னு சொல்ல முடியாது. தள்ளவே மாட்டாங்கன்னு நான் சத்தியமும் பண்ண முடியாது. ஆளோட மொத்த நடத்தையைப் பார்ப்பாங்க. ஆனா ஒளிச்சு வச்சது தெரிஞ்சா, அது வேற கதை. மறைச்சு வாங்குன குடியுரிமையைக் குடுத்த பின்னாலயும் பிடுங்கலாம். கேசு சின்னதுதான், பொய் பெருசு."

"அப்ப எழுதுங்க சார்," என்றாள் ஜெஸ்ஸி. "ஹெல்மெட் போடாம மூணு தடவை மாட்டியிருக்கேன். அதையும் எழுதிருங்க."

"அது அந்தக் கணக்குல வராது. இருந்தாலும் கேட்டா இல்லைங்காதீங்க. ரசீது இருந்தா வச்சுக்கங்க."

கோர்ட்டுத் தீர்ப்பின் நகலை வாங்கி இணைத்து, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றையிலிருந்து அவள் ஹெல்மெட் இல்லாமல் வண்டியைத் தொடுவதில்லை. களத்துக்குள்ளே வண்டியை நகர்த்தி வைப்பதற்குக்கூட ஹெல்மெட் போட்டாள். மாயம்மாள் கோழிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

தெருவுக்கு விசயம் தெரிந்தது. தெரு தலையில் அடித்துக்கொண்டது. எதிர்வீட்டு மூக்காயிதான் ரொம்பக் கொதித்துப்போனாள். மூக்காயிக்கு வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது, யோசனை மட்டும் கொஞ்சம் கம்மி. "கூறுகெட்டவளே, எவளாவது தன் வாயால தன்னைக் காட்டிக் குடுப்பாளா? உன்னைத் தூக்கிப் பிளைட்டுல போட்டு அனுப்பிருவானுக!" என்று ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். ஜெஸ்ஸி சமாதானம் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அவள் போன பிறகு குழாயடியில் ஒரு கூட்டம் நடந்தது. அது ஜெஸ்ஸிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே தடுத்திருப்பாள்.

கூட்டத்தின் முடிவு இதுதான்: விசாரிக்க யார் வந்தாலும், ஜெஸ்ஸி மறியலுக்கே வரவில்லை என்று ஒரே குரலில் சாதித்துவிடுவது. வரவில்லை என்று சொல்வது வரை பேசி வைத்துக்கொண்டார்கள். வராமல் அவள் எங்கே இருந்தாள் என்பதைப் பேசி வைத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, சப்-இன்ஸ்பெக்டர் பிரபு சாதாரணச் சட்டையில் பைக்கில் வந்து இறங்கினார். குடியுரிமை விசாரணைக்காகத் திண்டுக்கல்லிலிருந்து வந்தவர். ஜெஸ்ஸி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், ஸ்டான்லி தோட்டத்தில் இருந்தார். வந்ததும் வராததுமாக மூக்காயி அவருக்கு நாற்காலி போட்டுக் காப்பியும் கொடுத்தாள். அவர் மறியல் கேசைப் பற்றிக் கேட்டார்.

"ஜெஸ்ஸியா? புள்ளப்பூச்சி அப்பு அது. ரோட்டுல போயி உக்காருமா? அன்னிக்குக் காய்ச்சல்ல கண்ணைத் தொறக்காமக் கெடந்துச்சு. நான்தான் கஞ்சி வச்சுக் குடுத்தேன்."

பிரபு தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே ஜீவிதா என்கிற இளம்பெண், "அன்னிக்கு அக்கா வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்தாங்க சார்," என்றாள். ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த மலைச்சாமி, "அந்தப் பிள்ளை அப்ப ஊர்லயே இல்லையே. மலேசியாவுல அவங்க அம்மாவைப் பாக்கப் போயிருந்துச்சு," என்றார். கடைசியாக ஜெஸ்ஸி வீட்டுக்கே வந்தார். மாயம்மாள் கும்பிட்டு வரவேற்று, "அவ எங்கய்யா வந்தா? எங்க வீட்டுக்கு நான்தான் போயி ரோட்டுல உக்காந்தேன். இந்தா, இப்பிடித்தான் சம்மணம் போட்டு," என்று வாசலில் உட்கார்ந்தே காட்டிவிட்டாள். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. பிரபுவும் மலைச்சாமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று. பிரபு மூச்சு வாங்கியபடி எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அரைமணி நேரத்தில் ஜெஸ்ஸி வந்தாள். முகூர்த்த நாள் நெருங்கியதால் அன்றைக்குப் பூவுக்கு நல்ல கிராக்கி. சந்தோசத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தாள். தெருவும் அதே சந்தோசத்தில் அவளைச் சுற்றிக்கொண்டது.

"காப்பாத்திப்புட்டோம்ல!" என்றாள் மூக்காயி. "போலீசு வந்தான். ஒரு ஆளு காட்டிக் குடுக்கலை. நீ மறியலுக்கே வரலைன்னு அம்புட்டுப் பேரும் அடிச்சுச் சொல்லிட்டோம்!"

ஜெஸ்ஸி ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துபோய் நின்றாள். விசயம் உள்ளே போய் உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. உறைத்ததும் அவள் போட்ட சத்தத்தில் வேலியோரம் நின்ற ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது.

"ஐயோ அக்கா! நான் உக்காந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்! கோர்ட்டுத் தாளையே வச்சுக் குடுத்திருக்கேன்! இப்ப அவரு யாரை நம்புவாரு?"

ஜெஸ்ஸி உடனே வக்கீலுக்குப் போன் போட்டாள். "ஒரு ஆளைப் பத்தி நாலு வீட்டுல நாலு விதமாச் சொன்னா, ஆளே சந்தேகத்துக்கு உரியவர்னுதான் எழுதத் தோணும். நீங்கதான் ஊரைப் பொய் சொல்ல வச்சீங்கன்னும் நினைக்கலாம். அந்த அறிக்கை மேல போயிட்டா அப்புறம் நாம அதைத் துரத்திக்கிட்டே ஓடணும். அவர் எழுதுறதுக்குள்ள நேர்ல போயி உண்மையைச் சொல்லுங்க. ஓடுங்க," என்றார்.

தள்ளுபடியானால்? அடுத்த தடவை விசாவையும் யோசிப்பார்களே? இந்தத் தெருவை விட்டு, இந்தச் சம்பங்கியை விட்டு எங்கே போவது? ஈப்போவில் அவளுக்கு இப்போது ஒரு பாய் விரிக்கக்கூட இடமில்லை. அழ நேரமில்லை என்பதால் கோபப்பட்டாள். அவளுக்கு அதுதான் சுலபம்.

"யாரு யாரு பொய் சொன்னீங்களோ, அம்புட்டுப் பேரும் கிளம்புங்க!"

பொய் சொன்னவர்கள் நாலு பேர்தான். கிளம்பியது தெரு முழுக்க. தோட்டத்திலிருந்து ஸ்டான்லி சேற்றுக் காலோடு ஓடி வந்தார். பூ ஏற்றும் ராமர் தன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்கத்தா, அரைமணி நேரத்துல திண்டுக்கல்," என்றான். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறப் போனார்கள்.

"இறங்குங்க!" என்று ஜெஸ்ஸி கத்தினாள். "சரக்கு வண்டில ஆளு ஏறுனா அதுக்கு ஒரு கேசு! இன்னிக்கு ஒரு தப்பும் நடக்கக் கூடாது. எல்லாரும் பஸ்சுல வாங்க!"

எல்லாரும் ரோட்டுக்கு ஓடினார்கள். தூரத்தில் திண்டுக்கல் பஸ் வந்துகொண்டிருந்தது. விட்டால் அடுத்தது எப்போதோ. மூக்காயி ஒரு யோசனையும் இல்லாமல் நடு ரோட்டில் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே பத்துப் பேர் நின்றார்கள். பஸ் கீச்சென்று நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, திரும்பவும் மறியலா?"

"இல்லைண்ணே! இல்லை! பஸ்சு ஏறத்தான்!" என்று ஜெஸ்ஸி ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். பஸ்சுக்குள் ஏறியபிறகும் மூக்காயியின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டாள். விட்டால் இவள் இன்னும் எந்தச் சட்டத்தை உடைப்பாளோ என்று பயம். மாயம்மாளுக்கு ஒரு காலேஜ் பையன் எழுந்து இடம் கொடுத்தான். அவள் உட்கார்ந்ததும் அவனுக்கு முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். திண்டுக்கல் வருவதற்குள் பஸ் முழுக்க ஜெஸ்ஸியின் வழக்கைத் தெரிந்துகொண்டு யோசனை சொன்னது. "கால்ல விழுந்துருங்க," என்றார் ஒருவர். "வெயிட்டா பேசுங்க," என்றார் இன்னொருவர். யார் சொன்னதும் அவள் காதில் ஏறவில்லை.

திண்டுக்கல் போலீஸ் ஆபீசில் பிரபு தன் மேசையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜெஸ்ஸியின் விண்ணப்பக் கட்டு திறந்து கிடந்தது. தலை நிமிர்ந்தவர், கதவு நிறையப் பெண்களைப் பார்த்துப் பதறி எழுந்துவிட்டார்.

"சார், நான்தான் ஜெஸ்ஸி. நான் எழுதிக் குடுத்தது உண்மை. மறியல்ல உக்காந்தேன். முன்னாலதான் உக்காந்தேன். இவங்க சொன்னதுதான் சார் பொய்."

"நாங்க சொன்னது பொய்தான் அப்பு," என்றாள் மூக்காயி. சொன்னவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நானும் உக்காந்தேன். முத குடத்தை ரோட்டுல வச்சதே நான். என் பேரை ஏன் விட்டீங்க? எழுதுங்க!"

"கோசம் போட்டது நான் சார்," என்றாள் ஜீவிதா.

"நீ எங்கடி போட்ட? நான்ல போட்டேன்," என்றாள் ஜெஸ்ஸி.

"பஸ்சுக்கு முன்னால குடத்தை உருட்டி விட்டது எங்க வீட்டுப் பொம்பளை," என்று மலைச்சாமியும் வீட்டுப் பெருமையைக் காப்பாற்றினார். மாயம்மாள், "நான் மட்டும் உக்காரலைய்யா. எனக்கு உக்கார முடியாதுன்னு உனக்கே தெரியும்," என்றாள். ஆளாளுக்கு முண்டியடித்துக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டதில், பக்கத்து மேசைக்காரர் பேனாவை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"நிறுத்துங்கம்மா!" பிரபு கையை உயர்த்தினார். "அந்தக் கேசு முடிஞ்சு போச்சு. புதுசா யார் பேரையும் சேர்க்க முடியாது. நான் கேக்குறது ஒண்ணுதான். ஏன் என்கிட்டப் பொய் சொன்னீங்க? இவங்க சொல்லச் சொன்னாங்களா?"

"அவளுக்குத் தெரிஞ்சா எங்களைக் கொன்னுருப்பா," என்றாள் மூக்காயி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அவளைத் திருப்பி அனுப்பிருவீங்களோன்னு பயமா இருந்துச்சு அப்பு. எங்க வீட்டுப் பிள்ளையை எப்பிடிய்யா அனுப்ப விடுவோம்?"

பிரபு ஜெஸ்ஸியின் பக்கம் திரும்பினார். "சரி, உங்ககிட்ட ஒரு கேள்வி. நாளைக்குக் குடியுரிமை கிடைச்சிட்டா, திரும்பவும் மறியல்ல போய் உக்காருவீங்களா?"

ஸ்டான்லி கண்ணால் கெஞ்சினார். இல்லை என்று சொல்லிவிடு, ஒரே வார்த்தை, யாருக்கு நட்டம்? ஜெஸ்ஸிக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒரு பொய்யைத் துரத்திக்கொண்டு ஓடி வந்த களைப்பு இன்னும் தீரவில்லை. இன்னொன்றைத் துரத்த அவளுக்குத் தெம்பு இல்லை.

"எடுத்த உடனே போக மாட்டேன் சார். முதல்ல மனுக் குடுக்கச் சொல்லுவேன். ஆம்புலன்ஸ் வந்தா வழி விடச் சொல்லுவேன். ஆனா தண்ணி ஒரேயடியா நின்னு போயி, வீட்டுக்கு ஒரு ஆளுன்னு ஊரு கூப்பிட்டா, எங்க வீட்டு ஆளு நான்தான் சார். போகாம எப்படி இருக்க?"

மூக்காயி "போச்சுடா" என்று முணுமுணுத்தாள். பிரபு நாலு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி, எல்லாரும் வந்தது வந்தீங்க. காலைல சொன்னது பொய்னு ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க," என்றார். அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்று யாருக்கும் புரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை ஜெஸ்ஸி எப்படிக் கழித்தாள் என்று மாயம்மாளைத்தான் கேட்க வேண்டும். தபால்காரர் தெருவுக்குள் வந்தால் அடுப்பில் இருப்பது தீயும். போன் அடித்தால் கையில் இருப்பது விழும். ஒருநாள் பூ மார்க்கெட்டில் எடை போட்டுக்கொண்டிருக்கும்போது மதியழகன் கூப்பிட்டார். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், மலேசியக் குடியுரிமையை முறைப்படி விட்டுக்கொடுத்து அந்த அத்தாட்சியைக் கொடுத்தால் சான்றிதழ் வந்துவிடும் என்றார். ஜெஸ்ஸி கத்திய கத்தலில் மார்க்கெட்டே திரும்பியது. தராசிலிருந்த சம்பங்கியை இரண்டு கைகளாலும் அள்ளி மேலே வீசினாள். அது அவளுடைய பூகூட இல்லை.

சான்றிதழ் வாங்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குத் தெரு முழுக்க வந்திருந்தது. பஸ்சை யாரும் மறிக்கவில்லை, ஜெஸ்ஸி பார்த்துக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை தடுமாறாமல் உறுதிமொழி எடுத்தாள், சான்றிதழை வாங்கினாள், சிரித்தபடி போட்டோவுக்கு நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையோடு நின்ற ஸ்டான்லிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வெளியே வரும்போது, வேறு ஏதோ வேலையாக வந்திருந்த பிரபு எதிரே வந்தார். மற்றவர்கள் கும்பிட்டு ஒதுங்கினார்கள். மூக்காயி ஒதுங்குவாளா? நேரே வழியை மறித்தாள்.

"அப்பு, எங்களை இம்புட்டு மாசம் தவிக்க விட்டியே. எங்க பிள்ளையைப் பத்தி அப்பிடி என்னதான் எழுதுன?"

பிரபு முதலில் மழுப்பினார். பிறகு சிரித்துவிட்டார். "மறியல் கேசைப் பத்தி ரெண்டு வரிதான் எழுதினேன். அதை அவங்களே ஒளிக்காம சொல்லிட்டாங்க, எனக்கு அதுல வேலை இல்லை. உள்ளூர் மக்களோட எப்படிப் பழகுறாங்கன்னு எழுதணும்ல, அதுக்குத்தான் ரொம்ப யோசிச்சேன்."

"என்னன்னு?"

"வெளியூர்ல இருந்து வந்தவங்களைப் பத்தி விசாரிக்கப் போனா, இல்லாத கேசையும் சேர்த்துச் சொல்லிக் குடுப்பாங்க. என் சர்வீசுல அதைத்தான் பார்த்திருக்கேன். இந்தம்மாவுக்காக ஒரு தெருவே போலீஸ்காரன்கிட்டப் பொய் சொல்லிச்சு, முட்டி முடியாத மாமியார் தரையில உக்காந்து காட்டுச்சு. இவங்க இந்த ஊர்க்காரங்கதான், அதுல எனக்குச் சந்தேகம் இல்லைன்னு எழுதினேன்."

ஜெஸ்ஸி சான்றிதழை ஸ்டான்லி கையில் கொடுத்தாள். மூக்காயியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கலெக்டர் ஆபீஸ் வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்க்கும்படி சத்தம் போட்டு அழுதாள்.